அக்காவுக்கு எழுதிக் குடுத்த பத்து வரி

அந்த போனை உள்ள வெய்ங்க அம்மிணி. அது பேசற நேப்பாளியக் கேட்டா அங்கத்த எருமை கூடத் திரும்பிப் பாக்காது. நான் சொல்றேன், கேட்டுக்குங்க. பதினோரு வருசம் அந்த பாஷைக்குள்ளயே குடியிருந்தவ நானு. என்ற ஊட்டுக்காரர் பட்டாளத்துல இருந்தாருங்க. சிலிகுரி பக்கம் குவார்ட்டர்ஸ். இந்தப் பக்கத்து ஊடும் நேப்பாளி, அந்தப் பக்கத்து ஊடும் நேப்பாளி, நடுவுல நானு. பேசாம என்ன பண்றது.

காட்மண்டுல எறங்குனதும் யாரப் பாத்தாலும் கையக் கூப்பி நமஸ்தே. மூத்த பொம்பளைன்னா தீதி, ஆம்பளைன்னா தாய். நம்ம தாயி இல்லீங்க, அண்ணன்னு அர்த்தம். தண்ணிக்கு பானி. வெலை கேக்க கதி ஹோ. போதும்னா புக்யோ. அவ்வளவுதான், ஏர்ப்போர்ட்டத் தாண்டிரலாம். ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்குங்க. கடைசியில 'ச'ன்னு முடிஞ்சா இருக்குதுன்னு அர்த்தம், 'சைன'ன்னு முடிஞ்சா இல்லைன்னு அர்த்தம். பானி ச, தண்ணி இருக்குது. பானி சைன, தண்ணி இல்லை. அந்த ஒரு சொல்லு மாறுனா அத்தனையும் தலைகீழாப் போயிரும்.

எனக்குத் தெரியும் அது. நல்லாவே தெரியும்.

பிளேன் வர இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகுங்கறான். பனியாம். நீங்க திருச்சிங்கறீங்க, நாங்க காங்கேயத்துப் பக்கம். எங்க ஒரம்பரைல ஒருத்தரையும் உங்களுக்குத் தெரியப் போறதில்லை. அதனால சொல்றேன். கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்க, இதுல என்ற மேல என்ன தப்புன்னு.

எனக்கு ஒரு ஓரகத்தி இருக்கறாங்க. என்ற ஊட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். வசந்தாமணின்னு பேரு, நான் அக்காம்பேன். பெரிய டீச்சருங்க. யூனியன் ஸ்கூல்ல ஹெட்மாஸ்டராவே இருந்து ரிட்டயர் ஆனவங்க. எங்கூர்ல பாதிப் பேரு அவங்ககிட்ட அடி வாங்குனவங்கதான். தாசில்தாரே வந்தாலும் "டீச்சர்"னு எந்திரிச்சு நிப்பாரு. நான் எட்டாவதுங்க. அதுலயும் கணக்குல பெயிலு.

பட்டாளத்துல இருந்து இவரு ரிட்டயர் ஆகி நாங்க ஊருக்கு வந்தப்ப, என்ற கையில இருந்ததெல்லாம் ரெண்டு டிரங்குப் பொட்டியும் அந்த பாஷையும்தான். ஊட்டுக்கு யாரு வந்தாலும் அக்கா என்னக் கூப்புடுவாங்க. "பரமேசு, இங்க வா. அந்த கூர்க்கா பாஷையில ஏதாச்சும் பேசு." நான் கையத் தொடச்சுக்கிட்டு வந்து நின்னு பேசுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. "இன்னொருக்கா சொல்லு"ம்பாங்க. இன்னொருக்கா சொல்லுவேன். இருவத்தி ரெண்டு வருசம் அப்படித்தானுங்க. கல்யாண ஊடா இருந்தாலும் சரி, எழவு முடிஞ்சு கருமாதியா இருந்தாலும் சரி. இவரு செத்த பதினாறாம் நாளு கூட, கோயமுத்தூர்ல இருந்து வந்த சம்பந்திக்காரங்க முன்னால கூப்புட்டு நிறுத்துனாங்க. பேசுனேன். என்ன பண்றது, இவரு போன பொறகு அந்த ஊட்டுலதான நான் சாப்புடோணும்.

போன வருசம் திடீர்னு முக்திநாத் போகலாம்னு பேச்சு வந்துது. மொத்தம் பதினோரு பேரு. அன்னைக்கு எங்க மூத்தார், அதாவது அக்கா ஊட்டுக்காரர், எல்லாருக்கும் முன்னால என்னக் காட்டிச் சொன்னாரு. "பரமேசு இருக்கறா, நமக்கு என்ன வெசனம்? கைடே வேண்டாம். எல்லாம் அவ பாத்துக்குவா."

என்ற வாழ்க்கையில யாரும் அப்படிச் சொன்னதில்லீங்க. அதுல இருந்து நாலு மாசம், யாரு வந்தாலும் என்னத்தான் கேப்பாங்க. பரமேசு, அங்க குளிருமா? பரமேசு, அரிசிச் சோறு கெடைக்குமா? சின்ன மருமக எனக்கு காப்பி கொண்டாந்து குடுத்துச்சுங்க. நான் உக்காந்துட்டே வாங்கிக் குடிச்சேன்.

அப்பறம் ஒருநாளு அக்கா ஒரு நோட்டும் பேனாவும் கொண்டாந்து என்ற முன்னால வெச்சாங்க. "பத்து வாக்கியம் எழுதிக் குடு. தமிழ் எழுத்துல எழுது. மேல அர்த்தம், கீழ அவங்க பாஷை. நான் மனப்பாடம் பண்ணிக்கறேன். உன்னையவே எந்நேரமும் நம்பிட்டு இருக்க முடியுமா?"

"நான் கூடத்தானுங்க்கா இருப்பேன்."

"நீ சொல்றது சரியா தப்பான்னு எங்களுக்கு என்ன தெரியும்? நாலு எழுத்துப் படிச்சவ ஒருத்திக்கும் தெரிஞ்சிருக்கோணும்ல."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. அவங்களுக்கு அது ஒரு பேச்சே இல்லை. ஆனா எனக்கு இருந்த ஒண்ணே ஒண்ணையும் ஒரு நோட்டுல பத்து வரியில வாங்கிட்டுப் போறேங்கறாங்களே, அது எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க.

எழுதிக் குடுத்தேன். ஏழு வரி சுத்தமா எழுதுனேனுங்க. நமஸ்தே, தண்ணி, வெலை, கோயிலுக்கு வழி எல்லாம் சரியா இருந்துது. மூணு வரிதான் மாத்துனேன். 'எனக்கு உடம்பு சரியில்லை'ன்னு அக்கா எழுதி வெச்சிருந்த எடத்துக்குக் கீழ, 'மலாய் ஸஞ்சை ச'ன்னு எழுதுனேன். நான் சௌக்கியமா இருக்கறேன்னு அர்த்தம். 'உதவி பண்ணுங்க'ங்கறதுக்குக் கீழ, 'கேஹி பர்தைன.' எனக்கு ஒண்ணும் வேண்டாம். 'என் கூட வந்தவங்களக் காணோம்'ங்கறதுக்குக் கீழ, 'மேரா மான்சே ஆவுந்தை சன்.' எங்க ஆளுங்க வந்துட்டே இருக்காங்க.

வெளயாட்டுக்குத்தானுங்க. எங்காவது ஒரு கடையில நின்னுட்டு அக்கா அதச் சொல்லி, நாலு பேரு அவங்க மூஞ்சியப் பாத்துச் சிரிச்சா, நானும் ஓரமா நின்னு பாக்கலாம்னு. ஒரே ஒரு தடவை. என்னைய இருவத்தி ரெண்டு வருசம் பாத்துச் சிரிச்சாங்க, நான் எதாச்சும் சொன்னேனா?

அக்கா டீச்சராச்சே. ஒரே வாரத்துல பத்தையும் நெட்டுருப் பண்ணிட்டாங்க. என்ற கிட்டயே ஒப்பிச்சுக் காட்டுனாங்க. "சரியா இருக்குதா பரமேசு?" "அப்படியே நேப்பாளிக்காரி மாதிரியே இருக்குதுங்க்கா"ன்னேன். அது உண்மைதானுங்க, அவங்க உச்சரிப்பு அவ்வளவு நல்லா இருந்துது.

அவங்களுக்குச் சக்கரை உண்டு. தினம் ரெண்டு வேளை ஊசி. அன்னைக்கு இதே டெல்லியில காலையில ஊசி போட்டுக்கிட்டு பிளேன் ஏறுனாங்க. பிளேன்ல சாப்பாடு குடுப்பாங்கங்கற தைரியத்துல. குடுத்தாங்க. முட்டை வாசம் அடிக்குதுன்னு தொடவே இல்லை. நான்தான் பக்கத்து சீட்டு. "பசிக்கலையாங்க்கா"ன்னு கேட்டேன். கேட்டேனுங்க. கேக்காம இல்லை.

காட்மண்டுல எறங்குனா ஒரே கூட்டம். ஒரு பொட்டி வந்து சேரலை, அதுக்கு ஒரு மணி நேரம் போச்சு. ரெண்டு வண்டி சொல்லியிருந்தாரு மூத்தார். மொத வண்டியில அவரு, மகன், மருமக, இன்னும் மூணு பேரு கெளம்பிட்டாங்க. அவங்க நெனச்சது, அக்கா எங்களோட வர்றாங்கன்னு. நாங்க ரெண்டாவது வண்டியில ஏறுறப்ப மூத்தாரோட மச்சினன் பொன்னுச்சாமி கேட்டாரு, "அக்கா அந்த வண்டியில போயிருச்சா?"

நான், "போயிருப்பாங்க"ன்னேன்.

பாத்ரூம் பக்கம் அவங்க போனத நான் பாத்தேனா? பாத்தேன்னுதான் வெச்சுக்குங்களேன். சந்தன நெறச் சீலை தெரிஞ்சுது. ஆனா அந்தக் கலர்ல ஆயிரம் பேரு கட்டறாங்க. இதையெல்லாம் பெரிசாப் பேசுனா பேசிட்டே இருக்கலாம்.

ஓட்டலுக்குப் போய்ச் சேர ஒண்ணரை மணி நேரம். ரோடு முச்சூடும் வண்டி. போய் எறங்குனாத்தான் அக்கா எதுலயும் இல்லைன்னு தெரிஞ்சுது. அவங்க போனு மூத்தாரோட பையில கெடக்குது. அவரு என்னையும் கூட்டிக்கிட்டு ஒரு காரப் புடிச்சுத் திரும்பி ஓடுனாரு. வழியில நான் வேர்த்துப் போய் உக்காந்திருக்கறதப் பாத்துட்டு, எனக்கு ஆறுதல் சொல்றாருங்க அந்த மனுசன். "பதறாத பரமேசு. நீதான் எழுதிக் குடுத்திருக்கறயே. அவ கெட்டிக்காரி, சமாளிச்சுக்குவா."

எனக்கு அப்ப அந்த மூணு வரியும் ஞாபகம் வந்துது. இல்லைன்னு சொல்லலை.

நாங்க போறப்ப பாத்ரூமுக்கு வெளிய ஒரு பெஞ்சடியில அக்கா. கீழ கெடந்தாங்க. வாயோரம் நுரை. நீல ஜாக்கெட் போட்ட ஒரு பொண்ணு அவங்க தலையத் தூக்கி மடியில வெச்சுட்டு உக்காந்திருந்துது. அங்க வீல்சேர் தள்ளுற பொண்ணு. சட்டையில பேரு எழுதியிருந்துது, சவினா. ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு, வந்துட்டிருக்குதுன்னுது.

என்னப் பாத்ததும், நான் அவங்க பாஷை பேசறேன்னு தெரிஞ்சதும், அந்தப் பொண்ணு எல்லாத்தையும் கொட்டுச்சுங்க. "தீதி, நான் மூணு தடவை வந்து கேட்டேன். மொதத் தடவை கேட்டப்ப, கையக் கூப்பி, நான் சௌக்கியமா இருக்கறேன்னு சொன்னாங்க. ஒண்ணும் வேண்டாம், எங்க ஆளுங்க வந்துட்டே இருக்காங்கன்னாங்க. எவ்வளவு அழகாப் பேசுனாங்க தெரியுமா. நம்ம பாஷை தெரிஞ்சவங்கதான்னு நான் போயிட்டேன். ரெண்டாந்தடவை வந்து பாத்தா வேர்த்துக் கொட்டுது. டாக்டரக் கூப்புடவான்னு கேட்டேன். என்ற கையப் புடிச்சுக்கிட்டு, ஒண்ணும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு சத்தமாச் சொன்னாங்க. அழுதாங்க. சாமி கும்புட வர்றவங்க சில பேரு அப்படி அழுவாங்க. மூணாந்தடவை வர்றப்ப நாக்குக் கொளறுது. அப்பவும் நான் சௌக்கியம்னுதான் சொன்னாங்க தீதி. அவங்க பேச்சக் கேட்டுக்கிட்டு இருக்கலாமான்னு நெனச்சு ஆம்புலன்சுக்குச் சொல்றதுக்குள்ள விழுந்துட்டாங்க."

மூத்தார் என்ற தோளப் புடிச்சு உலுக்குறாரு. "என்ன சொல்றா அவ? என்ன சொல்றா?"

நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க அம்மிணி? அந்த எடத்துல, அத்தனை பேரு சுத்தி நிக்கறப்ப? யோசிச்சுச் சொல்லுங்க.

நான், "அக்கா உதவி உதவின்னு கெஞ்சுனாங்களாமுங்க மாமா. இவ கண்டுக்கவே இல்லையாம். அவ வேலை முடியற நேரமாம்"னு சொன்னேன்.

அவரு ஒரு வார்த்தை ஓங்கிப் பேசி நான் கேட்டதில்லீங்க. அன்னைக்கு அந்தப் பொண்ணைப் பாத்துப் பேசுன பேச்சு இருக்குதே, நம்ம தமிழ்ல எத்தனை கெட்ட வார்த்தை உண்டோ அத்தனையும். அந்தப் பொண்ணு அப்பவும் அக்கா தலைய மடியில இருந்து எறக்கலை. என்னைத் திரும்பிப் பாத்துக் கேட்டுச்சு, "தீதி, அவரு என்ன சொல்றாரு?"

"உனக்கு நன்றி சொல்றாரு"ன்னேன்.

அந்தப் பொண்ணு மூத்தாரப் பாத்துக் கையக் கூப்புச்சு. சிரிச்ச மாதிரி ஒரு மூஞ்சி. அவருக்கு அது இன்னும் ஆத்திரமாப் போச்சு.

சாயங்காலமே எழுதி ஒரு புகார் குடுத்தாரு. தமிழ்ல அவரு சொல்லச் சொல்ல நேப்பாளியில நான் சொன்னேன், ஆபீஸ்ல ஒருத்தர் எழுதிக்கிட்டாரு. நான் ஒண்ணும் கூட்டிச் சொல்லலை. அவரு சொன்னத அப்படியே சொன்னேன். அந்த எடத்துல நான் ஒரு வார்த்தையும் மாத்தலைங்கறத நீங்க கவனிக்கோணும். பத்து நாளுல அந்தப் பொண்ணைக் காண்ட்ராக்டுக்காரன் வேலைய விட்டு எடுத்துட்டான்னு ஓட்டல்காரர் சொன்னாரு. மூத்தார், "நல்லா வேணும்"னாரு.

அக்கா நாலு நாளு கண்ணே முழிக்கலை. அவங்க கைக்குள்ள கசங்கி இருந்த, நான் எழுதிக் குடுத்த நோட்டுக் காயிதத்த நர்சு என்ற கிட்டத்தான் குடுத்துச்சு. கிழிச்சு பாத்ரூம்ல போட்டுத் தண்ணி ஊத்திட்டேன். அஞ்சாம் நாளு முழிச்சாங்க. சக்கரை அவ்வளவு நேரம் எறங்கியே கெடந்ததுல மூளையில அடி பட்டுருச்சுன்னாங்க டாக்டர். பேச்சு வந்துருச்சு, மெல்ல மெல்ல. காலு சரியா நிக்கறதில்லை. எழுத்துதான் போயிருச்சுங்க. பேப்பரக் குடுத்தாத் திருப்பித் திருப்பிப் பாக்கறாங்க. அ, ஆ கூடத் தெரியலை. முப்பத்தஞ்சு வருசம் ஊருக்கே எழுத்துச் சொல்லிக் குடுத்தவங்க.

ஊர்ல எனக்கு என்ன பேரு தெரியுமுங்களா? "பரமேசு இல்லீன்னா வசந்தாமணி பொணமாத்தான் வந்திருப்பா. பாஷை தெரிஞ்சவ கூடப் போனதுனால பொழச்சா." மாரியம்மன் கோயில்ல எனக்குத்தான் மொதல்ல கொண்டாந்து தட்ட நீட்டுனாரு பூசாரி. நான் வேண்டாம்னா சொல்ல முடியும்?

மூணு மாசம் நல்லாத்தான் போச்சுங்க. நான்தான் அவங்களுக்குப் பேப்பர் படிச்சுக் காட்டுவேன், எட்டாவது படிச்சவ. அப்பறம் எதிர்த்த ஸ்பின்னிங் மில்லுக்கு ஒரு கூர்க்கா வாட்ச்மேன் வந்தான். தில்பகதூர்னு பேரு, அஞ்சாறு வருசமா இந்தப் பக்கமே இருக்கறவன், தமிழ் நல்லாப் பேசுவான். ஒருநாளு நான் மாவு அரைக்கப் போயிட்டு வர்றேன், அவன் எங்க வாசப்படியில உக்காந்துட்டு இருக்கறான். அக்கா நாற்காலியில இருந்தபடி அவன்கிட்டச் சொல்றாங்க, "மலாய் ஸஞ்சை ச."

"நல்லா இருக்கீங்களா, சந்தோசம் அம்மா"ங்கறான் அவன்.

அக்கா ரெண்டாவதையும் சொன்னாங்க. மூணாவதையும் சொன்னாங்க. எழுத்து மறந்தவங்களுக்கு அந்த மூணு வரி மட்டும் அப்படியே இருந்திருக்குதுங்க. அவன் ஒவ்வொண்ணுக்கும் தமிழ்ல அர்த்தம் சொல்றான். நான் மாவுத் தூக்கோட கேட்டுக்கிட்டே நிக்கறேன். அக்கா என்னப் பாத்தாங்க. அப்பறம், "மாவுல புழு கிழு இல்லாமப் பாத்து அரைச்சயா"ன்னாங்க. அவ்வளவுதான்.

அக்கா இத யாருகிட்டயும் சொல்லலைங்க. ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லலை, மகன்கிட்டச் சொல்லலை. அன்னைக்குப் பொழுதோட எல்லாரும் சாப்புடறப்ப சொன்னாங்க, "இனிமே என்னக் குளிப்பாட்டுறது, கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போறது எல்லாம் பரமேசே பாக்கட்டும். வேற யாரும் தொட வேண்டாம். அவளுக்குத்தான் எனக்கு என்ன வேணும்னு தெரியும்." எல்லாருக்கும் கண்ணு கலங்கிப் போச்சு, எங்க பாசத்தப் பாத்து.

ஒம்பது மாசமாச்சு. ஒரு நாளைக்கு இருவது தடவை கூப்புடுவாங்க. தண்ணி கொண்டாந்தா, அதுல ஒரு வாய் மொதல்ல என்னைக் குடிக்கச் சொல்லிப்போட்டுத்தான் அவங்க வாங்குவாங்க. எல்லாருக்கும் முன்னால. மத்தவங்க அது ஒரு செல்லம்னு சிரிக்கறாங்க. ஒரு வார்த்தை, "ஏண்டி இப்படிப் பண்ணுனே"ன்னு கேட்டுட்டா நான் கால்ல விழுந்துட்டு எந்திரிச்சுப் போயிருவேன். கேக்க மாட்டேங்கறாங்க. இது என்ன மனசுங்க? கல்லுல செஞ்ச மனசு. நான் பண்ணுனது ஒரு நாளு வெளயாட்டு. அவங்க பண்றது?

இப்ப மறுக்கா கெளம்பி வந்திருக்கறோம். முக்திநாத்துக்கு இல்லீங்க. அந்த சவினா பொண்ணைப் பாக்கோணுமாம். தில்பகதூரோட சொந்தக்காரங்க காட்மண்டுல தேடிக் கண்டுபுடிச்சுட்டாங்க. எங்கயோ செங்கச் சூளையில கல்லு சுமந்துட்டு இருக்குதாம். நாங்க எறங்கறப்ப ஏர்ப்போர்ட் வாசல்ல வந்து நிக்கப் போகுது. மூத்தாருக்கு ஒண்ணும் புரியலை. "அந்தக் கழுதைய எதுக்குப் பாக்கோணும்"னு கேட்டாரு. அக்கா சொல்றாங்க, "என்ற தலைய மடியில வெச்சிருந்தவ அவ. எனக்கு அது ஞாபகம் இருக்குது. பரமேசும் வரட்டும். அவ இல்லாம நமக்கு அங்க பேச்சு நடக்குமா?"

அதா, கண்ணாடியோரம், சந்தனக் கலர் சீலை, சக்கர நாற்காலி. அவங்கதான். பக்கத்துல தூங்கறவரு மூத்தார்.

நான் எதுக்குங்க பயப்படோணும்? அந்தப் பொண்ணு என்ன சொன்னாலும் என்ற வாய் வழியாத்தான இவங்களுக்குப் போகோணும். இவங்க சொல்றதும் என்ற வாய் வழியாத்தான் அதுக்குப் போகோணும். அப்படித்தான் நானும் நெனச்சுத் தைரியமா இருந்தேன், போன வாரம் வரைக்கும்.

போன வாரத்துல இருந்து கெளம்பற வரைக்கும் தில்பகதூரு தெனமும் வந்தானுங்க. கதவச் சாத்திக்கறாங்க. அரை மணி நேரம் பாடம் நடக்குது. எழுத்தெல்லாம் இல்லை, வெறும் வாயில. அவன் சொல்லச் சொல்ல இவங்க சொல்றாங்க, ஒண்ணாப்புப் புள்ளையாட்ட. நான் உள்ள போனா நிறுத்திக்குவாங்க. அவன்கிட்டக் கேட்டுப் பாத்தேன், "அம்மா சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க"ங்கறான். காலையில குளிப்பாட்டறப்ப வாய்க்குள்ளயே முனகறாங்க. தண்ணிச் சத்தத்துல ஒண்ணும் புரியறதில்லை. டெல்லிக்கு பிளேன்ல வர்றப்பக் கூட ஒதடு அசைஞ்சுட்டேதான் இருந்துது.

ஒரே ஒரு சொல்லுதான் எனக்குக் காதுல விழுந்துதுங்க. 'பைனி'. தங்கச்சின்னு அர்த்தம். அந்தப் பொண்ணைத் தங்கச்சின்னு கூப்புடறதுக்குக் கத்துக்கிட்டாங்களோ, இல்லை என்னைக் கை காட்டி, இவ என்ற தங்கச்சின்னு ஆரம்பிக்கப் போறாங்களோ. தெரியலீங்க.

கூப்புடறாங்க. தண்ணி கேக்கறாங்க போல. இருங்க, ஒரு வாய் குடிச்சுக் குடுத்துட்டு வந்தர்றேன்.